சிப்பி ஒட்டிய தூண்

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, என் மச்சாளும் நானும் பேச்சு விட்டு ஏறக்குறைய இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். தன் புருசனின் தம்பிக்கு அவள் என் தங்கையைக் கேட்டாள். எங்கள் வீட்டில் வேறு இடத்தில் கொடுத்தார்கள். அதற்கு நான்தான் காரணம் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். இல்லை என்று சொல்ல நானும் போகவில்லை. நாங்கள் போய்வர வேலியில் விட்டிருந்த இடைவெளியை ஒரு நாள் புதுக் கிடுகு வைத்துக் கட்டிவிட்டாள். பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவளுடைய ஒரே மகளும் என் இரண்டு பையன்களும் கிடுகைக் கீழால் உயர்த்திப் புகுந்து வந்து போனார்கள்.

நாங்கள் இருந்தது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் முகத்துவாரம் வரை நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில். முன்வாசலில் கடல் இரையும், பின்வாசலில் வாவி தெரியும். அக்கரையில் நகரத்தின் கட்டடங்கள். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போது மார்கழி விடுமுறை. மச்சாளின் புருசன் கட்டாரில் வேலை.

அன்று விடியவே என் கணவர் பையன்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பழுகாமத்துக்குப் புறப்பட்டார். அது என் அம்மாவின் ஊர். வாவிக்கு மேற்கே. வட்டையில் எங்கள் வயல் நன்றாகப் பச்சை பிடித்து நின்ற நேரம்; அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளையும் அம்மாவிடம் காட்டிவிட்டு வருவதாகத் திட்டம். அவர்கள் வாசலைத் தாண்டும்போது மச்சாளின் மகள் வேலிக்குக் கீழால் வந்து நின்றாள். மஞ்சள் கவுன், கையில் தாயின் கறுப்புக் குடை.

“மாமா, நானும் வாறன்.”

“அம்மாட்டச் சொன்னியா மனே?”

“ஓம், சொல்லிட்டன்.”

அவர் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கையசைத்துவிட்டு உள்ளே வந்து உடுப்பு ஊறப் போட்டேன்.

பிறகு நடந்ததை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். பெரிய லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கைக்குள் வருவது போல ஒரு சத்தம். “கடல் வருது!” என்று யாரோ கத்தியது. திரும்பிப் பார்த்தபோது அலையென்று எதுவும் தெரியவில்லை. கறுப்பாக, வேலிகளையும் கூரைத் தகரங்களையும் சுமந்துகொண்டு ஒரு சுவர் வந்தது. வாவிப் பக்கமாக ஓடினேன். சில அடிகள்தான் ஓடியிருப்பேன். தண்ணீர் என்னைத் தூக்கியது. மணலும் உப்பும் வாய் நிறைய. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. இடையில் ஒரு முறை வானம் தெரிந்தது, பிறகு இல்லை.

எதிலோ நெஞ்சு மோதியது. மோதியதைக் கட்டிப்பிடித்தேன். எங்கள் பக்கத்து வாவிக்கரையில் முன்னொரு காலத்தில் தோணித்துறை ஒன்று இருந்தது. பலகையெல்லாம் போய், தண்ணீருக்குள் கொங்கிறீட் தூண்கள் மாத்திரம் நின்றன. அவற்றில் ஒன்று அது. தூணின் மேற்பகுதி வழுவழுவென்று பாசி பிடித்துக் கிடந்தது. கை வழுக்கிக் கீழே இறங்கிக்கொண்டே போனேன். அப்போது கால் எதிலோ பட்டு நின்றது. கத்தி போன்ற ஒன்று பாதத்தில் ஏறியது தெரிந்தது, ஆனாலும் நின்றது. சிப்பிகள். வழமையான நீர்மட்டத்துக்குக் கீழே தூணைச் சுற்றி ஒரு வெறும் இடம் விடாமல் சிப்பி படிந்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, விளிம்பை வெளியே நீட்டிக்கொண்டு. அவற்றை மிதித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் ஒரு கணம் ஓய்ந்தது போல இருந்தது. பிறகு வந்த வழியே கடலுக்குத் திரும்பத் தொடங்கியது. வந்ததைவிடப் போனதுதான் பயங்கரம். அந்த இழுப்பில்தான் மச்சாள் வந்தாள். முதலில் ஒரு கை தெரிந்தது, பிறகு அவளுடைய பூப்போட்ட சட்டை. நான் சட்டையைப் பிடித்தேன். அது கிழிந்தது. தலைமயிரைப் பிடித்தேன். அவள் தூணில் வந்து மோதினாள்.

“பிடி கா! தூணைப் பிடி!”

அவள் மறுபக்கத்தால் தூணைக் கட்டிக்கொண்டாள். என் கைகள் அவளுடைய கைகளுக்கு மேலாகவும் கீழாகவும் போயின. இருவரும் ஒருவரையொருவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டோம். நடுவில் தூண். நீர் இறங்க இறங்க நாங்களும் இறங்கினோம். சிப்பிகள் உள்ளங்கையிலும் கையின் உட்பக்கத்திலும் முழங்காலிலும் கீறிக்கொண்டே வந்தன. எங்களைச் சுற்றித் தண்ணீர் சிவந்ததைப் பார்த்தேன். வலிக்கவில்லை.

மூச்சு வந்ததும் அவள் என் பிடியை உதறப் பார்த்தாள்.

“விடுங்க மச்சாள். நான் போகணும். பிள்ள வீட்டுக்குள்ள.”

“பிள்ள இஞ்ச இல்ல. பழுகாமத்துக்குப் போயிட்டாள்.”

“பொய் சொல்லாதீங்க. நான் விடாமப் பிடிக்கணும் எண்டு சொல்றீங்க. என்ட பிள்ள அறைக்குள்ள படுத்திரிக்கி.”

“உன்ட அண்ணனோட போனவள். விடியவே போனவள். அம்மாட்டச் சொல்லிட்டன் எண்டு சொன்னாள்.”

“என்னட்ட ஒண்டும் சொல்லல்ல! விடுங்க!”

அவள் ஒரு கையை எடுத்துவிட்டாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். நான் என்ன சொன்னாலும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. இரண்டு வருடம் பேசாத ஒருத்தி இப்போது வாய் திறந்து சொல்வதை யார்தான் நம்புவார்கள்? என் மனசுக்குள் விடியற்காலையைத் துழாவினேன்.

“மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். உன்ட கறுப்புக் குடையையும் கொண்டுபோனவள்!”

அவள் அப்படியே நின்றாள். பிறகு, அந்த வெள்ளத்துக்கு நடுவில், கடைத்தெருவில் நின்று கதைப்பவள் போல, “அந்தக் குடையத்தான் நான் விடிய இருந்து தேடுறன்” என்றாள்.

எடுத்த கை திரும்பி வந்து என் தோளைப் பிடித்தது. அவள் அழத் தொடங்கினாள். அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் பிள்ளைகள் மூவரும் வாவிக்கு அந்தப் பக்கம், வயல்வெளியில். கடல் அவ்வளவு தூரம் போயிருக்காது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். மறுபடி தண்ணீர் வந்தது, மறுபடி திரும்பியது. தூணோடு தூணாக நின்றோம். கால் வைத்த இடத்தில் ஒரு சிப்பிகூடக் கழன்று விழவில்லை.

நகரப் பக்கத்திலிருந்து இரண்டு மீன்பிடிகாரர் தோணியில் வந்து எங்களை ஏற்றினார்கள். எங்கள் விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது என்று அவர்களில் ஒருவர் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் நின்ற நேர்ஸ் ஒருவர் மரப்பு ஊசி போட்டு, காயங்களுக்குள் இருந்த சிப்பித் துண்டுகளைச் சின்னக் குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்துத் தையல் போட்டார். இரண்டு பேருக்கும் இரண்டு கையிலும் பெரிய கட்டு.

என் கணவர் சுற்று வழியால் வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. விறாந்தையில் எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பையன்கள், அவர்களுக்குப் பின்னால் குடையோடு அவள். மச்சாள் ஓடிப்போய் முழங்கைகளுக்கு நடுவில் மகளை இடுக்கிக்கொண்டாள். விரல்களால் பிடிக்க அவளுக்கு வழி இல்லை. என் கணவர் என்னைப் பார்த்தபடி நின்றார். “இரிக்கிறியா?” என்று மட்டும் கேட்டார். “இரிக்கிறன்” என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு நிம்மதி இருந்தது என்று எழுத முடியவில்லை.

எங்கள் ஒழுங்கையில் சில வீடுகளில் ஒருவருமே மிஞ்சவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளும் போனார்கள். அவர்களைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. அதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வகுப்பறை. தையல் பிரித்த பிறகு ஒரு காலையில் மச்சாளும் நானும் எங்கள் வீடுகள் நின்ற வளவைப் பார்க்கப் போனோம். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. கிணற்றின் கட்டு மட்டும் தெரிந்தது. வாவிக்கரைக்கு நடந்தோம். தூண் நின்றது. தண்ணீர் தெளிந்து, சிப்பிகள் அப்படியே படிந்திருந்தன. அவற்றுக்குள் எங்களில் ஒருத்தியின் சட்டை நூல் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

மச்சாள் ஒரு சிப்பியைக் கல்லால் தட்டிப் பார்த்தாள். விளிம்பு உடைந்தது. அடி அசையவில்லை.

“கல் வீடெல்லாம் போயிற்று. இது என்னத்தால ஒட்டியிரிக்கி மச்சாள்? நீங்க ரீச்சர்தானே, சொல்லுங்க.”

எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஆணியையும் நெம்புகோலையும் படிப்பித்தவள் நான். பாடசாலை திரும்பத் தொடங்கிய பிறகு நகர நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். சிப்பிக் குஞ்சு தூசியளவில் தண்ணீரில் நீந்தித் திரியுமாம். கொஞ்சக் காலம்தான். பிறகு அதற்கு ஒரு சின்னக் கால் முளைக்கும். அந்தக் காலால் கல்லையும் தூணையும் தடவித் தடவி இடம் பார்க்கும். ஏற்கெனவே சிப்பிகள் குடியிருக்கும் இடம் என்றால் அதற்குப் பிடிக்கும். இடம் சரி என்று பட்டதும் ஒரு துளி பசையை விட்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து அதன்மேல் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் சிப்பிக்கு இடமாற்றம் இல்லை. நீந்துவதும் இல்லை, நடப்பதும் இல்லை; கால்கூட இல்லாமல் போய்விடும்.

என்னைத் திகைக்க வைத்தது அந்தப் பசைதான். என் கணவர் சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அரத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, சொலூசன் பூசி, ஊதி ஊதிக் காயவைத்துத்தான் ஒட்டுவார். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஒட்டு நிற்காது. சிப்பியோ தண்ணீருக்குள்ளேயே, நனைந்த கல்லில், உப்பிலும் பாசியிலும் ஒட்டுகிறது. கல்லின்மேல் படலமாக நிற்கும் தண்ணீரை விலக்கிக்கொண்டு பசை உள்ளே போகிறதாம். பிறகு அது சுண்ணாம்பு போல இறுகிவிடுகிறதாம். மட்டிகளில் ஒரு சாதி பசையை நூலாக நூற்றுக் கட்டிக்கொள்ளும். படகின் அடியில் கூம்பு கூம்பாகப் படியும் பிராணி தலைகீழாக நின்று தலையாலேயே ஒட்டிக்கொள்ளும். எல்லாம் தண்ணீருக்குள். மனிதர்கள் அப்படி ஒரு பசை செய்ய இன்னும் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வாசித்தேன்.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் மச்சாளுக்குச் சொன்னேன். வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அதுகள் எங்களுக்கு முந்தியே வந்து ஆயத்தமா இரிந்திரிக்கிதுகள்” என்றாள். அப்படியில்லை, அதுகளுக்கு எங்களைத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அவளுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

புதுக் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்தடுத்து வீடு கிடைத்தது. பிறகு வந்த வருடங்கள் வேறு மாதிரிப் போயின. சண்டை, சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடிகள். இராணுவத்தினர் ஆட்களை நிறுத்தி வைத்து உடம்பில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்த காலம். இயக்கத்தில் ஊர்ந்து பயிற்சி எடுத்தவர்களின் முழங்கையிலும் முழங்காலிலும் தழும்பு இருக்கும் என்று எண்ணினார்கள். எங்கள் கைகளை நாங்கள் மறைத்துத் திரிந்தோம். வெயிலிலும் நீளக் கைச்சட்டை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதும்போது மட்டும் சட்டைக் கை சற்று விலகும்.

போர் முடிந்த வருடம் மச்சாளின் புருசன் கட்டாரிலிருந்து ஒரேயடியாக வருவதாகச் சொன்னார். விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவர என்னையும் வரச் சொன்னாள். பிள்ளைகளை என் கணவரிடம் விட்டுவிட்டு, காலைப் பஸ்ஸில் பொலன்னறுவை வழியாகப் புறப்பட்டோம். பஸ் கொண்டக்டர் ஓட்டமாவடி ஆள். தொப்பி போட்ட, வெற்றிலை போட்ட, ஓயாமல் பேசும் மனிதர்.

போர் முடிந்தாலும் சாவடி முடியவில்லை. வழியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களைத் தகரக் கொட்டில் ஒன்றுக்குள் விட்டார்கள். உள்ளே நின்ற பெண் சிப்பாய்க்கு இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கைப்பையைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தச் சொன்னாள். என் சட்டைக் கை மேலே போனது. உள்ளங்கை தொடங்கி முழங்கைக்கு மேல்வரை குறுக்கும் நெடுக்குமாகப் போகும் வெள்ளைக் கோடுகளைக் கண்டாள். எனக்குப் பின்னால் நின்ற மச்சாளையும் உயர்த்தச் சொன்னாள். அதே கோடுகள், அதே இடங்களில்.

அவள் வெளியே போய் அதிகாரி ஒருவரைக் கூட்டி வந்தாள். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

“ட்ரெயினிங் எங்க?”

“ட்ரெயினிங் இல்ல சேர். சுனாமி.”

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. எந்த கேம்ப்?”

 வகுப்பில் சொல்லுக்குப் பஞ்சமில்லாதவள் நான். அங்கே “சிப்பி, சிப்பி” என்றே சொல்லிக்கொண்டு நின்றேன். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. ஆட்கள் ஏறிவிட்டார்கள். எங்களை விட்டுவிட்டுப் போய்விடும் என்று நினைத்தபோது, கொண்டக்டர் கொட்டில் வாசலில் வந்து நின்றார். தன்னுடைய பஸ்ஸில் ஏறிய ஆட்கள் இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்குவார்கள் என்று சிங்களத்தில் சொன்னாராம், பிறகுதான் தெரியும்.

“என்னத்தச் சொல்லணும் தங்கச்சி? என்னட்டச் சொல்லுங்க, நான் அவருக்குச் சொல்றன்” என்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். அவர் மொழிபெயர்த்தார். அதிகாரியின் முகம் மாறவில்லை. அப்போது மச்சாள் குறுக்கிட்டாள்.

“வாயால சொல்லி ஆகாது மச்சாள். வாங்க, காட்டுவம்.”

கொட்டிலின் நடுவில் கூரையைத் தாங்கி ஒரு மரக்கால் நின்றது. அவள் அதன் ஒரு பக்கம் போய்க் கட்டிப்பிடித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கியது. இருந்தாலும் மறுபக்கம் போய் நின்றேன். அன்று பிடித்த மாதிரியே அவள் கைக்கு மேலால் ஒரு கை, கீழால் ஒரு கை. சட்டைக் கைகளை அவள் பல்லால் மேலே இழுத்துவிட்டாள். எங்கள் தழும்புகள் எல்லாம் உட்பக்கத்தில், மரக்காலைப் பார்த்தபடி இருந்தன. வெளிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஊர்ந்து பழகியவர்களுக்கு உட்பக்கத்தில் காயம் வராது.

முதலில் கண்டுகொண்டது அந்தப் பெண் சிப்பாய்தான். கிட்ட வந்து என் கையையும் மச்சாளின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். “சுனாமி” என்றாள். அந்தச் சொல் அவர்கள் மொழியிலும் அதுதான். அவளும் தெற்கில் கடலோர ஊர்க்காரியாம். அவளுடைய பெரியம்மா வீடு போய்விட்டதாம். கொண்டக்டரிடம் ஏதோ கேட்டாள்.

“அந்தச் சிப்பியெல்லாம் கழண்டு போகல்லையா எண்டு கேக்கிறா.”

மச்சாள் மரக்காலை விடாமலே பதில் சொன்னாள். “அதுகள் கழண்டிருந்தா நாங்க இஞ்ச நிண்டு இவங்களுக்கு விளக்கம் சொல்லுவமா எண்டு கேளுங்க!”

கொண்டக்டர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்கத் தொப்பியைச் சரிசெய்தார். “போ, போ” என்று கையைக் காட்டினார். அந்தப் பெண் என் சட்டைக் கையை இறக்கிவிட்டு, மணிக்கட்டுப் பொத்தானைத் தானே போட்டுவிட்டாள்.

பஸ்ஸுக்குள் ஏறியபோது ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முன் இருக்கைப் பெண் ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். குடித்துவிட்டு யன்னலோரம் சாய்ந்தேன்.  மின்னேரியா தாண்டிய பிறகு ஒரு லேசான தன்மை வந்தது. வெயில் ஏறியிருந்தது. சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டேன். மச்சாள் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் மடித்துக்கொண்டாள்.

விமான நிலையத்தில் அவளுடைய புருசன் மெலிந்துபோய், இரண்டு பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் பெட்டிகளுக்குக் காவல் நின்றேன். அடுத்த நாள் காலை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர்கள் எனக்கு முன்னிருக்கையில். சோதனைச் சாவடிக் கதையை அவள் அவருக்குச் சொல்லத் தொடங்கினாள். அவள் கதையில் அதிகாரி ஏழடி உயரம். துவக்கை எங்கள் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். கொண்டக்டர் அழுதார். ஐந்து வருடம் வேலை செய்த களைப்பில் மனிதர் பாதிக் கதையிலேயே தலை சாய்ந்து உறங்கிவிட்டார். அவள் நிறுத்தவில்லை. இருக்கையில் முழங்கால் ஊன்றித் திரும்பி, மீதிக் கதையை எனக்குச் சொன்னாள்.